கொட்டாஞ்சேனைக் கராஜிலிருந்து மஹகஸ்தோட்டை மலைவரை

ரொறன்ரோவிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் வெள்ளவத்தையில் ஒரு மொறிஸ் மைனர் வைத்திருந்தாராம். 1983 ஜூலையில் அந்தக் காரும் வீடும் ஒரே பிற்பகலில் போயின. இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட மகன், 1959-ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்றைக் கனடாவில் தேடி வாங்கியிருக்கிறார். "இதற்கு வீபர் கார்புரேற்றர் போடலாமா? பெரிய காம் ஷாஃப்ட் போடலாமா? அந்த நாளில் கொழும்பில் பந்தயம் ஓடியவர்கள் என்ன போட்டார்கள்?" என்று கேட்கிறார்.

நான் பொறியியலாளன் அல்லன். விளையாட்டுப் பக்கத்துக்கு ஆள் இல்லாத நாட்களில் மோட்டார் பந்தயச் செய்தி எழுத அனுப்பப்பட்டவன். அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் பந்தயத்துக்கு முதல் வாரங்களில் கார்கள் எங்கே படுத்திருக்குமோ அந்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். பார்வையாளர்கள் காணாத பந்தயம் அங்கேதான் நடந்தது. வாசகரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த இடங்களின் வரலாற்றைச் சொல்லாமல் முடியாது. ஏனெனில் கொழும்பில் ஒரு காருக்கு எந்தப் பாகத்தைப் போடுவது என்பதைப் பெரும்பாலும் மெக்கானிக் தீர்மானிக்கவில்லை. அரசின் இறக்குமதிக் கட்டளைகள் தீர்மானித்தன. மத்திய வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு தீர்மானித்தது. பின்னர் போரும் தீர்மானித்தது.

முதலில் பந்தயங்களைப் பற்றிச் சுருக்கமாக. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை தேயிலைத் தோட்டப் பாதையில் 1934-இல் மலையேற்றப் போட்டி தொடங்கிற்று. ஏப்ரல் வசந்த காலத்தில் துரைமார் குளிருக்கு ஒதுங்கும் ஊர் அது. கார்கள் ஒன்றாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். கடிகாரம் மட்டுமே எதிராளி. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு ஒரு விமானத் தளத்தை நடத்தியது. 'எச்.எம்.எஸ். உக்குஸ்ஸா' என்று பெயர். கப்பல் அல்ல, தரைதான். உக்குஸ்ஸா என்றால் சிங்களத்தில் கழுகு. போர் முடிந்தபின் அந்தத் தார் ஓடுபாதை பந்தயக்காரர்களுக்குக் கிடைத்தது. ஒன்று மலை, மற்றொன்று கடற்கரைச் சமதரை. ஒரே காரை இரண்டுக்கும் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது. திங்கட்கிழமை அதே காரில் அலுவலகத்துக்கும் போக வேண்டியிருந்தது. இந்தச் சிக்கல்தான் நான் சொல்லப்போகும் கதையின் அச்சாணி.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கமாக ஓர் ஒடுக்கமான கராஜ் இருந்தது. பெயர்ப் பலகை இல்லை. துறைமுகம் அருகில் என்பதாலும், ஆமர் வீதியும் பஞ்சிகாவத்தையும் நடை தூரத்தில் இருந்தமையாலும் அந்தப் பகுதி முழுவதும் லேத் பட்டறைகள், வெல்டிங் கடைகள், ரேடியேற்றர் அடைப்பவர்கள், வெள்ளீயம் ஊற்றுபவர்கள் என்று ஒரு தொழிற்சாலை போலவே இயங்கியது. துறைமுகத்திலும் இரத்மலானை ரயில்வே பட்டறையிலும் கை பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர் எல்லோரும் கலந்த உலகம். நான் சொல்லும் கராஜ்காரர் வடமராட்சியிலிருந்து வந்தவர். எல்லோரும் அவரைப் 'பாஸ்' என்றே அழைத்தார்கள். தொழில் தெரிந்தவரைப் பாஸ் என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். மேசனும் பாஸ், தச்சனும் பாஸ்.

1970-களின் இறுதியில் நான் அங்கே போன முதல் நாளன்று, இரட்டைக் கார்புரேற்றர் பொருத்திய ஒரு மினியின் முன்னால் அவர் குனிந்து நின்றார். கையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் இறப்பர் குழாயில் ஒரு முழத் துண்டு. அதன் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் ஒரு கார்புரேற்றரின் வாயிலும் பிறகு மற்றதன் வாயிலும் பிடித்தார். இரண்டும் ஒரே சுருதியில் காற்றை இழுக்கும்வரை திருகை நகர்த்திக்கொண்டே இருந்தார். நாதஸ்வரக்காரர் ஒத்துக்குச் சுருதி பார்ப்பது போலிருந்தது.

இளைஞர் ஒருவர் தம் மொறிஸைக் கொண்டுவந்து நிறுத்தி, "பாஸ், இன்னும் வேகம் வேணும்" என்றார். பாஸ் எஞ்சின் மூடியைத் திறக்கவேயில்லை. சக்கரத்தைத்தான் கழற்றினார். "தம்பி, ஓடுறது பிறகு. முதல்ல நிக்குமோ எண்டு பாப்பம்" என்றார்.

இதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. 948 சி.சி. மைனருக்கு முன்சக்கரத்தில் 7 அங்குல டிரம் பிறேக். 37 குதிரைவலுவுக்கு அது போதும். 1962-இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது தொழிற்சாலையே அதை 8 அங்குலமாக்கியது. ஆகவே கொழும்பில் வேகம் விரும்பியவர் முதலில் தேடியது கார்புரேற்றர் அல்ல. விபத்தில் நொறுங்கிய ஒரு 1098-இன் முன்சக்கரப் பிறேக். வெளிநாட்டுப் பந்தயக் கடையில் வாங்கும் பாகம் அல்ல அது. அதே காரின் தம்பியிடமிருந்து எடுக்கும் பாகம்.

இந்த அண்ணன் தம்பி உறவு எப்படி வந்தது என்பது சுவையான வரலாறு. ஒஸ்ரின் நிறுவனம் 1951-இல் ஏ30 என்ற சிறிய காருக்காக 803 சி.சி. எஞ்சின் ஒன்றைச் செய்தது. அதுதான் ஏ-சீரீஸ். மறு ஆண்டில் ஒஸ்ரினும் மொறிஸின் தாய் நிறுவனமும் இணைந்து பி.எம்.சி. ஆயின, உடனே அந்த எஞ்சின் மொறிஸ் மைனருக்குள் புகுந்தது. 1956-இல் 948 சி.சி., 1958-இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் என்ற சிறு பந்தயக் கார், 1959-இல் 848 சி.சி.யுடன் மினி, 1961-இல் 997 சி.சி. மினி கூப்பர், 1964-இல் 1275 சி.சி. கூப்பர் எஸ். எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றின் சட்டை மற்றதற்குப் பொருந்தும். எல்லாம் அல்ல, சில. எது பொருந்தும், எது பொருந்துவது போலத் தோன்றி ஏமாற்றும் என்று அறிவதே கொழும்புக் கராஜ்களின் கல்வியாக இருந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1275 எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் வால்வுகள் பெரியவை; காற்று தாராளமாகப் போகும். போல்ட் துளைகளும் 948-உடன் பொருந்திவிடும். ஆசைப்பட்டுப் பூட்டிவிடலாம். ஆனால் சின்ன எஞ்சினின் சிலிண்டர் ஒடுக்கமானது. வெளியேற்று வால்வு இறங்கும்போது புளொக்கின் விளிம்பில் முட்டும். புளொக்கில் வால்வுக்கு இடம் குடைந்து கொடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் வளைந்த வால்வைத்தான் மாலையில் கையில் எடுக்கலாம். 1098 சி.சி. ஸ்பிரைற்றின் ஹெட் இந்தத் தொல்லை தராது. இதையெல்லாம் இங்கிலாந்தில் புத்தகமாக எழுதி வைத்தார்கள். டேவிட் விசார்ட் என்பவரின் ஏ-சீரீஸ் நூல் 1980-களில் வந்து இன்றும் வேதமாகக் கருதப்படுகிறது. பாஸ் அதைப் படித்தவரல்லர். வளைந்த வால்வுகளை ஒரு பால்மா ரின்னில் போட்டு வைத்திருந்தார். அதுதான் அவருடைய நூலகம்.

இந்தக் கல்வி தேவைப்பட்டதற்குக் காரணம் கதவு மூடப்பட்டமை. தேயிலை, இறப்பர் வருமானம் சரிந்து அந்நியச் செலாவணி வற்றியதும், 1960-களின் தொடக்கத்திலிருந்து இலங்கைக்குக் கார் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. எந்த ஆண்டுகளில்? மினி கூப்பர்கள் 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ரலியை வென்று உலகமே பேசிய ஆண்டுகளில். (1966-இலும் அவைதாம் முதலில் வந்தன, முன்விளக்குகள் விதிக்கு மாறானவை என்று தகுதி நீக்கினார்கள். பிரெஞ்சுக்காரரின் அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கொழும்புக் கராஜ்களில் பத்தாண்டுகள் கழித்தும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.) கூப்பர் எஸ் வாங்கக் காசு இருந்தாலும் சட்டம் இடம் தராது. ஆகவே 850 மினியிலிருந்து ஒரு கூப்பரைச் செய்தார்கள். இரண்டாவது எஸ்.யூ. கார்புரேற்றர் இன்னொரு காரிலிருந்து வந்தது. ஹெட்டை லேத் பட்டறையில் சீவி அமுக்க விகிதத்தைக் கூட்டினார்கள். உள்ளிழு துவாரங்களைக் கையாலேயே அராவி, எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். ஏ-சீரீஸில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு துவாரம்தான். இரட்டையர் ஒரே தட்டில் சோறு உண்பது போல, ஒருவர் அள்ளினால் மற்றவருக்குக் குறையும். அந்தத் துவாரத்தைக் கண்மூடித்தனமாகப் பெருப்பித்தால் தாழ்ந்த வேகத்தில் இழுவை போய்விடும். அளவறிந்து நிறுத்துவதே கைத்திறன்.

உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை. காலையில் காரிலிருந்து களவுபோன கண்ணாடியை மாலையில் அங்கே விலைக்கு வாங்கலாம் என்ற பகிடியைக் கொழும்பில் அறியாதவர் இல்லை. ஆனால் அந்தச் சந்தை இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் இலங்கையின் பாதிக் கார்கள் நின்றிருக்கும்.

1970-களில் உபாலி விஜேவர்த்தன பியட்டையும் மஸ்டாவையும் உள்ளூரில் பூட்டி விற்றார். ('தி ஐலண்ட்' பத்திரிகையின் நிறுவனர் என்பதால் எங்கள் தொழிலுக்கும் சொந்தக்காரர், 1983 பெப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட அவருடைய ஜெட் விமானம் வந்து சேரவேயில்லை.) 1977-க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, ஜப்பானியக் கார்கள் அலையாக வந்தன. அதுவரை, ஏறத்தாழ 15 ஆண்டுகள், இருந்ததை வைத்தே ஓடினார்கள்.

இனி அந்த மலைச் சிக்கலுக்கு வருகிறேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் ஒவ்வொரு முறையும் வாய் நிறையக் காற்றை இழுக்கிறது. ஆனால் அந்த வாயில் காற்று குறைவு. கடற்கரையில் 50 குதிரைவலு தந்த எஞ்சின் அங்கே 40-ஐச் சற்றுத் தாண்டினால் பெரிது. காற்று குறைந்த அளவுக்குக் கார்புரேற்றர் பெற்றோலைக் குறைக்காது. எனவே கலவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு செழுமையாகிவிடும். பிளக் கறுக்கும், புகை கறுக்கும், வளைவிலிருந்து வெளிவரும்போது எஞ்சின் திணறும். கொழும்பில் மின்னல் போல ஓடிய கார் மஹகஸ்தோட்டையில் மாட்டு வண்டியாவதன் இரகசியம் இதுதான்.

எஸ்.யூ. கார்புரேற்றரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் சப்பாத்து வியாபாரக் குடும்பத்தினர். முதலில் செய்ததில் உலோக பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் இருந்தது. பிற்காலத்தில் ஒரு பிஸ்டன் காற்றின் இழுப்புக்கேற்ப மேலெழும். அதன் அடியில் கூம்பிய ஊசி ஒன்று ஜெற் என்னும் துளைக்குள் தொங்கும். பிஸ்டன் எழ எழ ஊசியின் மெல்லிய பகுதி துளைக்கு வரும், பெற்றோல் கூடும். ஊசியின் தடிப்பு ஒவ்வோர் எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் வரையறுக்கப்பட்டது. ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட நூற்றுக்கணக்கான ஊசிகள் இருந்தன. இங்கிலாந்தில் பட்டியலைப் பார்த்து ஊசி வாங்குவார்கள். கொட்டாஞ்சேனையில் ஊசியை லேத்தில் பூட்டி, எண்ணெய் தோய்த்த மிக நுண்ணிய எமரித் தாளால் இரண்டு தடவை தடவி, மைக்ரோமீற்றரில் அளந்தார்கள். மெலிய வைக்கலாம்; தடிக்க வைக்க முடியாது. ஆகவே தடித்த ஊசி கிடைத்தவர் அதைப் பொன் போலப் பொத்தி வைத்தார். மலையேற்றத்துக்கு அதுவே வேண்டும்.

ஊசி இல்லாதவருக்கு ஜெற்றின் அடியிலுள்ள அறுகோண நட்டு. மேலே திருகினால் கலவை மெலியும். கடுகண்ணாவையில் ஒரு நிறுத்தம், இறம்பொடையில் இன்னொரு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் நட்டின் ஒரு பக்கம் என்று திருகிக்கொண்டே மலை ஏறியவர்களை நான் கண்டிருக்கிறேன். பிஸ்டனைப் பென்சில் முனையால் மெல்ல உயர்த்துவார்கள். எஞ்சின் வேகம் கூடி நிலைத்தால் கலவை செழுமை. வேகம் விழுந்தால் மெலிவு. ஒரு கணம் கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. கருவி எதுவும் வேண்டாம், காது போதும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மெல்லிய காற்றில் எஞ்சின் எளிதில் 'நொக்' அடிக்காது. ஆகவே மலைக்கு அமுக்க விகிதத்தைத் தாராளமாகக் கூட்டலாம். கூட்டிய எஞ்சினைக் காலி வீதியில், பகல் 12 மணி வெயிலில், மட்டமான பெற்றோலில் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். ஹெட்டைச் சீவுவது திரும்பி வராத பயணம். ஊசியை மாற்றலாம், இக்னிஷனை முன்பின் நகர்த்தலாம். சீவிய உலோகத்தை ஒட்ட முடியாது. வென்றவர்களிற் பலர் அதிகம் சீவியவர்கள் அல்லர் என்பது என் அவதானம். கியர் விகிதத்தில் புத்தியாக இருந்தவர்களே வென்றார்கள். 1098 மைனரின் பின் அச்சு விகிதம் 4.22. 948-இன் விகிதம் 4.55. பெரிய எஞ்சினைப் போட்டுவிட்டுப் பழைய 4.55 அச்சை மாற்றாமல் வைத்துக்கொண்டவரின் கார் வளைவுகளிலிருந்து பாய்ந்து வெளிவரும். கட்டுக்குருந்தவின் நேர்பாதையில் அதே கார் மூச்சு முட்டும். இரண்டு அச்சு வைத்திருந்தவர் சனிக்கிழமை இரவு முழுவதும் அதை மாற்றிக்கொண்டிருப்பார்.

எஞ்சினை மாற்றலாம், அச்சை மாற்றலாம். மாற்ற முடியாத ஒரு பாகம் இருந்தது: இலக்கத் தகடு. பழைய தகடுகளில் சிலோன் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளே இருந்தன. தனிச் சிங்களச் சட்டம் வந்த மறு ஆண்டில், 1957-இன் தொடக்கத்தில், சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வாகனங்களில் ஏறிற்று. தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. வடகிழக்கில் தமிழ் 'ஸ்ரீ' எழுதிக்கொண்டு ஓடினார்கள். 1958 மார்ச்சில் புதிதாகத் தேசியமயமாக்கப்பட்ட பஸ்கள் சிங்கள 'ஸ்ரீ'யுடன் வடக்கே அனுப்பப்பட்டன. அங்கே அவற்றுக்குத் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9-இல் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதத்தில் கலவரம். ஓர் எழுத்தில் தொடங்கியது எங்கே போய் முடிந்தது என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்று கொழும்பில் பழைய கார் சேகரிப்போர், மூலத் தகடு மாறாத '1 ஸ்ரீ' கார் என்றால் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். என் தலைமுறைத் தமிழன் ஒருவன் அந்தத் தகட்டை அவர்கள் பார்ப்பது போலப் பார்க்க இயலாது. குற்றம் சொல்லவில்லை, சொல்லி வைக்கிறேன்.

1983 ஜூலை 25-இல் காலி வீதியில் கார்களை மறித்தார்கள். ஓட்டுநரின் இனம் கேட்டார்கள். கார்களின் தாங்கிகளிலிருந்து உறிஞ்சிய பெற்றோலே கடைகளுக்கும் வீடுகளுக்கும் வைத்த தீயானது. வாசகரின் தந்தையாரின் மைனர் அந்த வாரத்தில் எரிந்தவற்றுள் ஒன்று. கொட்டாஞ்சேனைப் பாஸின் கராஜும் தப்பவில்லை. ஊசிகளும் அச்சுகளும் பால்மா ரின்னும் போயின. அவர் அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார். அந்த ஆண்டு புறப்பட்ட தமிழ்க் கைவினைஞர் பலர் கொழும்புக்குத் திரும்பவில்லை. மலையேற்றப் போட்டிகள் தொடர்ந்தன. சில கார்கள் அதன்பின் முன்னைப்போல் ஓடவில்லை என்று மட்டும் ஒரு சிங்கள நண்பர் எனக்குச் சொன்னார்.

கைத்திறன் அழிவதில்லை, இடம் மாறும் என்பதை நான் யாழ்ப்பாணத்தில் கண்டேன். 1990-இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் பங்கீட்டில். புதிய ஜப்பானியக் கார்கள் படுத்துவிட்டன. எழுந்து ஓடியவை 1940-களிலும் 1950-களிலும் பிறந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கிழங்கள்தாம். காரணம் எளிது. 1,200 சி.சி. ஏ40-இன் அமுக்க விகிதம் 7.2 தான். மண்ணெண்ணெய் எளிதில் நொக் அடிக்கும் எரிபொருள். அமுக்கம் குறைந்த எஞ்சினே அதைத் தாங்கும். அதையும் போதாதென்று ஹெட்டுக்கு அடியில் இரட்டைக் காஸ்கெற் வைத்து அமுக்கத்தை மேலும் குறைத்தார்கள், இக்னிஷனைப் பின்தள்ளினார்கள். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சில துளிகள் கார்புரேற்றரில் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரியாத மண்ணெண்ணெய் எண்ணெய்த் தொட்டிக்குள் வடிந்து ஒயிலை நீர்ப்பித்துவிடும், ஆகவே அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும், ஒயிலும் தட்டுப்பாடு. பாஸ் முன்பு வேகத்துக்காகச் செய்த ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்தார்கள். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, நோயாளியையும் கர்ப்பிணியையும் ஏற்றி அந்தக் கார்கள் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடின. எனக்குத் தெரிந்து இலங்கையில் நடந்த மிகச் சிறந்த எஞ்சின் 'ரியூனிங்' அதுதான். அதற்குக் கிண்ணம் எதுவும் கொடுக்கப்படவில்லை.

அதே காலத்தில் கொழும்பில் வேறு பிரச்சினை. மொறிஸுக்கு மொறிஸ் எஞ்சின் கிடைப்பது அரிதாகிவிட்டது; டட்சன் சனியின் 1,171 சி.சி. ஏ12 எஞ்சினை, அதன் கியர் பெட்டியோடு இறக்குவது வழக்கமாயிற்று. பொருத்தமான தேர்வுதான். நிசான் 1950-களில் ஒஸ்ரின் கார்களை உரிமம் பெற்றுச் செய்து பழகிய நிறுவனம். அளவிலும் எடையிலும் ஏ12 மைனருக்குள் கச்சிதமாக உட்காரும். டீசல் மலிவு என்பதால் டீசல் எஞ்சின் போட்டவர்களும் உண்டு. அந்தச் சத்தத்தோடு ஒரு மைனர் வருவது, பரதநாட்டியக்காரி குத்துச்சண்டைக் கையுறை அணிந்து வருவது போல் இருக்கும். ஆனால் ஒரு தமிழருக்கு எஞ்சின் மாற்றுவது வெறும் தொழில்நுட்ப விடயமாக இருக்கவில்லை. எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். மாற்றினால் பதிவையும் மாற்ற வேண்டும். 1990-களின் நடுவில் ஓரிரவு வெள்ளவத்தை நண்பரின் மைனரில் வந்துகொண்டிருந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஏ12 எஞ்சின், புத்தகத்தில் பழைய மொறிஸ் இலக்கம். கார் குண்டுகளால் கொழும்பு நடுங்கிக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் பிறந்த இருவர், இலக்கம் பொருந்தாத ஒரு கார். விடியும்வரை இருந்தோம். என் பத்திரிகையாளர் அடையாள அட்டை உதவவில்லை. பக்கத்துக் கராஜின் சிங்கள மெக்கானிக் அதிகாலையில் வந்து, எஞ்சினை மாற்றியது தாமே என்று சொன்னதுதான் உதவிற்று. மறுநாளே நண்பர் பதிவைத் திருத்தினார்.

போட்டிகளும் பின்னர் ஜப்பானிய எஞ்சின்களின் ஆட்சியாயின. இலங்கையில் 2002 ஜூனில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டபோது பழைய பிரித்தானிய எஞ்சின்களுக்குப் புதிய நோய் வந்தது. வார்ப்பிரும்பு ஹெட்டில் வெளியேற்று வால்வின் இருக்கைக்கு ஈயம்தான் உராய்வைத் தடுக்கும் மெத்தையாக இருந்தது. அது போனதும் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே அமிழும். கடினப்படுத்திய எஃகு வளையத்தை இருக்கையில் இறக்குவதே வைத்தியம். கொழும்பு லேத் பட்டறைகளுக்கு அது சில ஆண்டுகள் நல்ல தொழில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025-இல்தான் திறக்கப்பட்டது. இடையில் 2022-இல் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்குச் சில லீற்றர் பெற்றோல் வாங்க நின்றோம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மைனர். அதன் உரிமையாளர், முப்பதைத் தாண்டாத சிங்கள இளைஞர், காத்திருந்த நேரத்தில் கார்புரேற்றர் பிஸ்டனைப் பென்சிலால் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். தாத்தா கொட்டாஞ்சேனையில் வேலை செய்தவர் என்றார்.

ரொறன்ரோ நண்பருக்கு இனிப் பதில். உங்கள் 948 எஞ்சினுக்கு 45 மில்லிமீற்றர் வீபர் பெரிது. படத்தில் அழகாக இருக்கும், தெருவில் இருமும். முதலில் 1098-இன் 8 அங்குல முன்பிறேக்கைப் போடுங்கள். அடுத்து 1098 ஸ்பிரைற்றின் ஹெட். வால்வு இருக்கை கடினப்படுத்தப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். அதன்பின் கூப்பரில் இருந்தது போல இரண்டு ஒன்றேகால் அங்குல எஸ்.யூ. அவற்றுக்கேற்ற வெளியேற்றுக் குழாய். காம் ஷாஃப்டைக் கடைசியில் யோசிக்கலாம். சாந்தமான காமே போதும், நீங்கள் மஹகஸ்தோட்டை ஏறப்போவதில்லை. ஒன்ராறியோப் பெற்றோலில் எதனோல் கலந்திருப்பதால் கலவை சற்று மெலியும். ஊசியை ஒரு படி செழுமையான பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். பழைய இறப்பர்க் குழாய்களை எதனோல் அரிக்கும், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பூட்டியபின் 100 கிலோமீற்றர் ஓட்டி, பிளக்குகளைக் கழற்றி, நிறம் பால் தேநீர் போல இருக்கிறதா, வெறுந்தேநீர் போல இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.